சுற்றுலாவில் அரசுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "ஓட்டல், டூர் கம்பெனி, விமானம், டாக்சி எல்லாமே பெரும்பாலும் தனியார் கையில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, சுற்றுலாக் கொள்கை என்று சொல்லி அரசுகள் உண்மையில் என்ன செய்கின்றன? விளம்பரம் கொடுப்பதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா?"

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் விளம்பரம்தான் இதில் மிகச் சின்ன வேலை. ஒரு நாட்டுக்குள் யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம், எந்த விமானம் எந்த ஊரில் இறங்கலாம், கடற்கரையில் யார் கட்டடம் எழுப்பலாம், குடியிருப்பு வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா கூடாதா, வந்தவர் செலவழித்த பணத்தில் எவ்வளவு யாருக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் அரசு எடுக்கும் முடிவுகள். ஆனால் இவற்றில் முக்கால்வாசி சுற்றுலா அமைச்சகத்தின் மேசைக்கே வருவதில்லை. விசா உள்துறையிடமோ வெளியுறவுத் துறையிடமோ இருக்கும். விமானப் போக்குவரத்துக்குத் தனித் துறை. நிலமும் கட்டட அனுமதியும் நகராட்சியிடம். வரி நிதித்துறையிடம். இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சுற்றுலாத் துறை என்றால் போஸ்டர் அடிக்கிற துறை என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லா உதாரணங்களும் இதைச் சுற்றித்தான் வருகின்றன. வருகிற பயணிகளை எண்ணிப் பெருமைப்படுகிறவர் ஒருவர். அவர்கள் வருவதால் ஏற்படும் செலவைச் சுமக்கிறவர் இன்னொருவர். முதலாமவர் தலைநகரில் இருக்கிறார், இரண்டாமவர் அந்த ஊரில் இருக்கிறார். ஒரு சுற்றுலாக் கொள்கை நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பேரையும் அது ஒரே கணக்குக்குள் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது.

முதலில், பயணிகளே இல்லாமல் சுற்றுலா இல்லை. அந்தப் பயணியை உருவாக்கியதிலும் அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936-ல் பிரான்ஸில் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் போட்டது. விடுமுறை மட்டும் கொடுத்தால் போதாது, ஊருக்குப் போகக் காசு வேண்டுமே என்று ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் ஏற்பாடு செய்தார்கள். அதுவரை கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் கடற்கரைக்குப் போயின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே ஆண்டில் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 1999-ல் சீனா அக்டோபர் தேசிய தினத்தை ஒட்டி ஒரு வார விடுமுறையை அறிவித்தபோது நோக்கம் வெளிப்படையாகவே பொருளாதாரம்: மக்கள் வெளியே போய்ச் செலவழிக்க வேண்டும். செலவழித்தார்கள், கூடவே ரயில்களும் மலைப் பாதைகளும் திணறின. பிரான்ஸ் இந்த நெரிசலுக்கு வேறு வழி வைத்திருக்கிறது. நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறைகளை வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். பனிச்சறுக்கு ஊர்களுக்கு ஒரே வாரத்தில் எல்லாரும் வந்து குவியாமல், சீசன் நீள்கிறது. பள்ளிக் காலண்டரைத் தயாரிக்கிற அதிகாரி இதைச் செய்கிறார்; எந்த விளம்பரமும் இவ்வளவு வேலை செய்யாது.

அரசு பயணத்தைத் தடுத்துமிருக்கிறது. ஜப்பானியர்கள் வெறும் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக முடிந்தது 1964 ஏப்ரலுக்குப் பிறகுதான். தென் கொரியாவில் அந்தத் தடை முழுமையாக நீங்கியது 1989-ல். பிரிட்டன் 1966-ல் ஒருவர் விடுமுறைக்கு வெளியே எடுத்துச் செல்லும் பணத்துக்கு 50 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது, அந்நியச் செலாவணி கையை விட்டுப் போகிறதே என்ற கவலையில். சீனாவோ 2017-ல், ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தொடர்பான சண்டையில், தென் கொரியாவுக்குக் குழுச் சுற்றுலா போவதையே நிறுத்திவைத்தது. தென் கொரியத் தலைநகர் சியோலில் கடை நடத்துகிறவருக்கு ஏவுகணையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் வரவில்லை. அனுப்புகிற நாட்டின் கொள்கை, பெறுகிற நாட்டின் தொழிலை ஒரே மாதத்தில் சாய்த்துவிடும்.

சரி, பெறுகிற நாடுகளுக்கு வருவோம். இவர்கள் கையில் இருக்கும் பெரிய சாவிகள் மூன்று: விசா, விமானம், நாணய மதிப்பு. ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் பகுதியாகத் தன் நாணயமான பெசேட்டாவின் மதிப்பை டாலருக்கு 42-லிருந்து 60-ஆகக் குறைத்தது. வட ஐரோப்பியத் தொழிலாளிக்கு ஸ்பெயின் சட்டென்று மலிவாகிவிட்டது. வாடகை விமானங்களும் வரத் தொடங்கின. 1960-ல் சுமார் 60 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 1973-ல் 3 கோடியே 40 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தக் காலத்தில் சுற்றுலாவை நிர்வகித்தது 'தகவல் மற்றும் சுற்றுலா அமைச்சகம்'. பத்திரிகைத் தணிக்கையும் சுற்றுலாவும் ஒரே கூரையின் கீழ்! வெளியுலகில் நாட்டின் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பது அந்த ஆட்சிக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. வந்த டாலரும் ஜெர்மன் மார்க்கும் தொழில்மயமாக்கலுக்கு வேண்டிய இயந்திரங்களை வாங்க உதவின. கூடவே கடற்கரை முழுக்கக் கட்டடம் எழுந்தது. கரையோரம் பொதுச் சொத்து என்று கறாராகச் சொல்லும் கடற்கரைச் சட்டம் 1988-ல்தான் வந்தது. அதற்குள் பல இடங்களில் மணலை ஒட்டி அடுக்குமாடிகள் நின்றுவிட்டன.

ஜப்பான் இதையே நாற்பது ஆண்டு கழித்து, இன்னும் திட்டமிட்டுச் செய்தது. 2003-ல் வெளிநாட்டுப் பயணிகளை ஈர்க்கும் இயக்கம் தொடங்கியபோது வருகை ஆண்டுக்கு 52 லட்சம். 2008-ல் தனி முகமை அமைத்தார்கள். 2013-ல் தாய்லாந்து, மலேசியா போன்ற நாட்டவருக்கு விசா தேவையில்லை என்றார்கள், யென்னும் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டே ஒரு கோடியைத் தொட்டது, 2019-ல் 3 கோடியே 18 லட்சம். 2030-ல் ஆறு கோடி என்பது அரசின் இலக்கு. இந்த இலக்கைப் பற்றிக் கீழே திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் 1990-களில் விமானச் சந்தையைத் திறந்துவிட்டதும் அப்படித்தான். ஒன்றியத்துக்குள் எந்த நிறுவனமும் எந்த இரு ஊர்களுக்கிடையிலும் பறக்கலாம் என்று ஆனபிறகே மலிவுக் கட்டண விமானங்கள் சிறு விமான நிலையங்களைத் தேடிப் போயின. வார இறுதிக்கு வேறொரு நாட்டுக்குப் போய்விட்டு வரும் பழக்கம் அங்கிருந்து வந்தது. சட்டம் எழுதியவர்கள் போட்டியைப் பற்றித்தான் யோசித்தார்கள். பழைய நகரங்களின் குறுகிய தெருக்கள் அவர்கள் கணக்கில் இல்லை.

இனி நிலம். என் பார்வையில் சுற்றுலாக் கொள்கையின் உண்மையான இதயம் இதுதான். விசாவை நாளைக்கே மாற்றலாம், வரியை அடுத்த பட்ஜெட்டில் மாற்றலாம், எழுப்பிய கட்டடத்தை மாற்ற முடியாது.

மெக்சிகோவின் கான்கூன் நகரத்தைப் பாருங்கள். அது இயற்கையாக வளர்ந்த ஊர் இல்லை, மத்திய வங்கி வரைந்த ஊர். 1960-களின் இறுதியில் மெக்சிகோவுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. அந்நாட்டு மத்திய வங்கியின் ஆட்கள் வெயில் நாட்கள், கடல் வெப்பம், புயல் வாய்ப்பு, வேலையில்லாத கிராமங்கள் எத்தனை என்றெல்லாம் தரவு சேர்த்து, நாட்டின் கரையோரங்களில் எங்கே புது சுற்றுலா நகரம் அமைக்கலாம் என்று தேடினார்கள். தேர்வானவற்றில் ஒன்று கரீபியன் கடலோரம், தென்னந்தோப்புக் காவலாளிகள் சிலரைத் தவிர ஆளில்லாத ஒரு மணல் திட்டு. 1969-ல் இதற்கென ஒரு நிதி அமைப்பை உருவாக்கினார்கள். தனியார் யாரும் துணியவில்லை. அதனால் அரசே முதலில் இறங்கி விமான நிலையம், பாலம், குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், தொழிலாளர்கள் குடியிருக்க ஒரு நகரம் என எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டது. பன்னாட்டு வளர்ச்சி வங்கி ஒன்றின் கடனும் கிடைத்தது. ஓட்டல்கள் 1974-ல் திறந்தன. அதே ஆண்டு அந்தப் பிரதேசம் மாநில அந்தஸ்தும் பெற்றது. வரைபடத்தில் ஓட்டல்களுக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒரு பக்கம் என்று தெளிவாகப் பிரித்திருந்தார்கள்.

திட்டம் வென்றது என்று சொல்லலாம், பணக் கணக்கில். ஆனால் வேலை தேடி வந்தவர்கள் வரைபடம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. இன்று அந்த நகரில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஓட்டல் வரிசைக்குக் குழாய் போட்ட வேகத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் போகவில்லை. சதுப்புநிலக் காடுகள் அழிந்தன. மணல் மேட்டின் மீதே கட்டடம் எழுப்பியதால் கரை தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும் சக்தியை இழந்தது. 2005-ல் வில்மா புயல் மணலை அள்ளிக்கொண்டு போனபோது, கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். அதுவும் நிற்காமல், சில ஆண்டுகளிலேயே மறுபடி கொட்ட வேண்டியிருந்தது. பொதுப் பணத்தில் வாங்கிய அந்த மணலும் கடற்கரையைப் பராமரிக்கும் செலவுதான். ஆனால் 1969-ல் போட்ட லாபக் கணக்கில் அது இல்லை.

பிரான்ஸின் தெற்குக் கரையில் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்களே கோடையில் ஸ்பெயினுக்கு ஓடுகிறார்கள் என்று 1963-ல் லாங்டாக் கரைக்கு ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அது செய்த முதல் காரியம், திட்டத்தை வெளியே சொல்லாமல் நிலத்தை வாங்கியது. செய்தி பரவியிருந்தால் தரகர்கள் விலையை ஏற்றியிருப்பார்கள். அப்புறம் விலையேற்றத்துக்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டார்கள், சதுப்பு நிலங்களில் கொசுவை ஒழித்தார்கள். லா கிராந்த் மோத் போன்ற புது ஊர்களைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கட்டினார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கட்டடமே இல்லாத பரப்பு இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. அந்த இடைவெளிகள் இன்றும் பெருமளவுக்கு இருக்கின்றன. நிலத்தின் விலை உயர்வால் வந்த லாபம் அரசின் கையில் இருந்ததால் சாலைக்கும் மரம் நடுவதற்கும் பணம் கிடைத்தது.

துருக்கி 1982-ல் வேறு பாதையில் போனது. சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிலத்தை 49 ஆண்டு வரை முதலீட்டாளருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. ஓட்டல்கள் வேகமாக எழுந்தன. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 1970-களில் உலக வங்கி உதவியோடு போட்ட பெருந்திட்டம், பயணிகளை நூசா துவா என்ற ஒரே மூலையில் வைத்துவிட்டால் கிராமங்களின் வாழ்க்கை கெடாது என்று நம்பியது. நூசா துவாவின் முதல் பெரிய ஓட்டல் 1983-ல் திறப்பதற்குள், குறைந்த காசில் வந்த இளைஞர்கள் கூட்டா கரையில் தாங்களே ஒரு சுற்றுலா ஊரை உண்டாக்கிவிட்டார்கள். திட்டம் போட்டவர்கள் ஒரே வகைப் பயணியை மட்டும் மனத்தில் வைத்திருந்தார்கள், அதுதான் சிக்கல்.

அடுத்து, பணம் யாருக்குப் போகிறது? இதில் மாலத்தீவு சுவாரசியமான நாடு. 1972-ல் முதல் ரிசார்ட் வந்ததிலிருந்து 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதே வழிமுறை. ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும். மக்கள் வாழும் தீவில் பயணிகள் தங்கக் கூடாது. மதமும் வழக்கமும் பாதிக்கப்படக் கூடாது என்பது காரணம். அரசுக்குக் குத்தகை வந்தது, மக்களுக்கு ரிசார்ட்டில் வேலை கிடைத்தது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் சொந்தமாக நாலு அறை வைத்துச் சம்பாதிக்க வழியே இல்லை. 2009 வாக்கில் விதியைத் தளர்த்தி, மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களை அனுமதித்தார்கள். மாஃபுஷி போன்ற தீவுகள் சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறின. இப்போது அங்கே தனி நீச்சலுடைக் கடற்கரை, குப்பை, நெரிசல் எல்லாம் பேசுபொருள். அதற்கு முன் இருந்தது அமைதி, ஆனால் வருமானம் வேறு யாரோ ஒருவருடையது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், வருமானமும் தலைவலியும் ஒரே ஊரில் இருப்பதுதான் மேல் என்பேன். தலைவலி தாங்காவிட்டால் அந்த ஊர் மக்களே விதியை மாற்றக் கேட்பார்கள். பழைய முறைக்கும் எதிர்பாராத ஒரு பயன் இருந்தது: 2020 ஜூலையில், உலகம் முழுக்கக் கொரோனா பூட்டில் கிடந்தபோதே, ஒவ்வொரு ரிசார்ட்டும் தனித் தீவு என்பதால் மாலத்தீவு கதவைத் திறக்க முடிந்தது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா கற்ற பாடம் கசப்பானது. சாப்பாடு, குடி எல்லாம் ஓட்டல் கட்டணத்திலேயே அடங்கும் பேக்கேஜில் வருகிறவர்கள் ஓட்டல் வாசலைத் தாண்டுவதே இல்லை. வெளியே உள்ள சிறு உணவகக்காரரும் டாக்சிக்காரரும் பட்டினி. அதனால் அரசு 1999-ல் அத்தகைய பேக்கேஜ்களைத் தடை செய்தது. ஐரோப்பிய டூர் நிறுவனங்கள் பயணிகளை வேறு நாடுகளுக்குத் திருப்பின. ஓராண்டிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. நோக்கம் முழுக்க நியாயமானது. ஆனால் ஒரு சில நிறுவனங்களின் விமானங்களையே நம்பியிருக்கும் சிறிய நாடு, தனியாக நின்று விதி போட முடியவில்லை. பேரம் பேசும் பலம் இல்லாத இடத்தில் நல்ல கொள்கையும் தாளில் நின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

பலம் இருக்கும் இடத்தில் என்ன ஆகும்? ருவாண்டா. மலைக் கொரில்லாக்கள் உலகில் மூன்றே நாடுகளில்தான் உண்டு. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் மட்டும். 2017-ல் அதற்கான அனுமதிச் சீட்டை 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 டாலராக உயர்த்தினார்கள். பூங்கா வருமானத்தில் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தரும் பங்கையும் 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். பள்ளி, குடிநீர், சுகாதார நிலையம் என்று அந்தப் பணம் போகிறது. காட்டில் கண்ணி வைப்பதைவிடக் கொரில்லா உயிரோடு இருப்பது லாபம் என்று கிராமத்துக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் தர்க்கம். மூன்று நாட்டுக் காவலர்களின் உழைப்பும் சேர்ந்து, விருங்கா மலைத்தொடரில் 2010-ல் 480 ஆக இருந்த கொரில்லாக்கள் அடுத்த கணக்கெடுப்பில் 604 ஆயின.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது என்றதும் எல்லாரும் பூட்டானைச் சொல்வார்கள். 1974-ல் பயணிகளுக்குக் கதவு திறந்ததிலிருந்தே 'குறைந்த ஆட்கள், உயர்ந்த மதிப்பு' என்பது அதன் கொள்கை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சப் பேக்கேஜ் தொகை இருந்தது, அதற்குள் 65 டாலர் அரசுக் கட்டணம். 2022 செப்டம்பரில் பேக்கேஜ் முறையை எடுத்துவிட்டு, அரசுக் கட்டணத்தை மட்டும் இரவுக்கு 200 டாலராக்கினார்கள். கொரோனாவிலிருந்து எழாத ஓட்டல்காரர்கள் தவித்தார்கள். ஓராண்டில் 100 டாலராகப் பாதியாக்க வேண்டியிருந்தது. பூட்டானே விலையைச் சரியாகக் கணிக்கத் தடுமாறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கட்டணம் ஒரு தத்துவம் இல்லை, அடிக்கடி திருகிச் சரிபார்க்க வேண்டிய குழாய்.

விலையால் முடியாதபோது அரசுகள் பூட்டே போட்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸில் போராக்காய் தீவின் ஓட்டல் கழிவுநீர் குழாய் வழியாக நேரே கடலில் கலந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவு முழுவதையும் மூடினார்கள். அலைக்கரையிலிருந்து விதித்த தூரத்துக்குள் இருந்த கட்டடங்களை இடித்தார்கள், சாக்கடை இணைப்பு இல்லாதவர்களுக்கு அனுமதி மறுத்தார்கள். திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். ஆறு மாதம் சம்பளமில்லாமல் போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளாக விதியை அமல்படுத்தாத அதிகாரிகள் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் நடந்தது நிதானமான வேலை. ஒரு சிறு வளைகுடாவுக்குள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானவர்கள். படகுகள் நேராக மணல் வரை வந்து நங்கூரம் போடும், அடியில் பவளம் நொறுங்கும். 2018 ஜூனில் மூடினார்கள், சில மாதங்களுக்கென்று, மூன்றரை ஆண்டாகிவிட்டது. 2022 ஜனவரியில் திறந்தபோது விரிகுடாவுக்குள் படகுக்கே இடமில்லை. தீவின் பின்பக்கம் மிதவைத் துறை கட்டி, அங்கே இறங்கி மரப்பாதையில் நடந்து வர வேண்டும். நீந்தக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பரில் மூடுகிறார்கள். ஆழமற்ற நீரில் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகள் மறுபடி தென்பட்டன. ஆட்களின் எண்ணிக்கையைவிட, படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்ற ஒரு சின்ன முடிவு பவளத்துக்கு அதிகம் உதவியிருக்கிறது.

வெனிஸ் செய்ததை இதோடு ஒப்பிடுங்கள். 2024-ல் 29 நாட்களுக்கு, பகலில் வந்து மாலையில் போகிறவர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம். ரயில் நிலைய வாசலில் ஊழியர்கள் நின்று கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டைப் பார்க்கிறார்கள். காலை எட்டரை முதல் மாலை நாலு வரைதான் விதி. இரவு தங்குகிறவர்கள் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுவதால் விலக்கு. சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டார். ஆனாலும் அதை வீண் என்று சொல்லமாட்டேன்: முதல்முறையாக யார், எந்த நாள், எங்கிருந்து வருகிறார் என்று நகரத்துக்கே தெரிந்தது. பழைய வெனிஸில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் 50,000-க்கும் கீழே போய்விட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகைக்கு வீடு.

வீடு என்றதும் பார்சிலோனா. நாள் வாடகைக்கு விடும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் மேயர் அறிவித்தார். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் அதே வீட்டில் உடனிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து, ஓர் ஊரில் விடுமுறைக்கு மட்டும் திறக்கும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆக்கினார்கள். இவை மூன்றும் வீட்டுவசதிச் சட்டங்கள். ஆனால் சுற்றுலாவின் போக்கை எந்தச் சுற்றுலாச் சட்டத்தையும்விட இவை அதிகம் மாற்றுகின்றன.

நிர்வாக அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில நாடுகளில் தனி அமைச்சகம், சிலவற்றில் சட்டப்படி அமைந்த வாரியம் (பிரிட்டன் 1969-ல் அப்படிச் செய்தது). அமெரிக்கா 1996-ல் தன் மத்தியச் சுற்றுலா அலுவலகத்தையே மூடிவிட்டு, 2010-ல் அரசும் தனியாரும் சேர்ந்த ஒரு விளம்பர அமைப்பை உண்டாக்கியது. அதற்கான காசில் ஒரு பகுதி, விசா இல்லாமல் வரும் வெளிநாட்டவர் கட்டும் இணைய அனுமதிக் கட்டணத்திலிருந்து வருகிறது. எந்த வடிவமும் மந்திரமில்லை. அந்த அமைப்பின் பேச்சு நிதித்துறையிலும் நகராட்சியிலும் செல்லுபடியாகிறதா என்பதே கேள்வி. நுகர்வோர் பாதுகாப்பையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம். 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் கவிழ்ந்தபோது வெளிநாடுகளில் சிக்கிய சுமார் 1,40,000 பேரை பிரிட்டிஷ் அரசு இரண்டு வாரத்தில் ஊர் சேர்த்தது. பேக்கேஜ் டூர் விற்கிறவர் காப்பு நிதிக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்ற பழைய விதி அன்றைக்குக் கைகொடுத்தது.

இப்போது ஜப்பானின் ஆறு கோடி இலக்குக்குத் திரும்புகிறேன். 2024 மே மாதம், ஃபுஜி மலை அடிவாரத்து ஊரான ஃபுஜிகாவாகுச்சிகோவின் நிர்வாகம், சாலையோரத்தில் 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கறுப்பு வலையைக் கட்டியது. எதிரே ஒரு சாதாரணக் கடை. அதன் கூரைக்கு மேல் மலை தெரியும் கோணம் இணையத்தில் பரவி, படமெடுக்க வந்தவர்கள் நடுச்சாலையில் நின்றார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் வாசலை அடைத்தார்கள், குப்பை போட்டார்கள். எழுதி வைத்தும் சொல்லிப் பார்த்தும் பயனில்லாமல் போனபிறகு வலை வந்தது. சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள். டோக்கியோவில் ஆறு கோடி என்று இலக்கு எழுதிய அதிகாரிக்கு அந்தப் பல் மருத்துவமனை வாசல் தெரியாது. வாசலைக் காக்க வேண்டிய ஊர் நிர்வாகத்துக்கு விசாவின் மீது எந்தப் பிடியும் இல்லை. எண்ணுகிறவரும் சுமக்கிறவரும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

எண்ணும் முறையிலேயே இந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது. சர்வதேச வரையறைப்படி ஓர் இரவாவது தங்குகிறவர்தான் சுற்றுலாப் பயணி. காலையில் கப்பலிலிருந்து இறங்கி மாலையில் ஏறிவிடுகிறவர் ஒருநாள் பார்வையாளர் மட்டுமே. பயணிகளின் எண்ணிக்கை என்று வெளியாகும் உலகக் கணக்குகளில் அவர் வருவதில்லை, கழிப்பறை வரிசையில் மட்டும் வருகிறார். பணத்தைச் சரியாகக் கணக்கிட ஐக்கிய நாடுகள் சபை 2000-லேயே துணைக் கணக்கு முறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஓட்டல், போக்குவரத்து, உணவு என்று பல தொழில்களில் கலந்துகிடக்கும் சுற்றுலாவின் பங்கைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. ஆனாலும் அமைச்சர்கள் மேடையில் சொல்வது இத்தனை கோடிப் பேர் வந்தார்கள் என்பதையே. ஒருவர் எத்தனை இரவு தங்கினார், செலவழித்ததில் எவ்வளவு உள்ளூரில் நின்றது, ஒரு படுக்கைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது, உள்ளூர்க்காரருக்கு வாடகை எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. இலக்கு எதில் இருக்கிறதோ, அதிகாரிகளின் உழைப்பும் அதில்தான் போகும்.

அதனால், ஒரு நாட்டின் சுற்றுலாக் கொள்கை ஆவணம் உங்கள் கைக்கு வந்தால், முன்னுரையையும் படங்களையும் தள்ளிவிட்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள். இலக்கு ஆட்களின் எண்ணிக்கையில் இருக்கிறதா, வேறு எதிலாவதா. வசூலாகும் வரியும் கட்டணமும் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கின்றன. உள்ளூர் நிர்வாகத்துக்கு 'போதும்' என்று சொல்ல அதிகாரம் உண்டா. ஸ்பெயினின் மயோர்கா உள்ளிட்ட பலேரிக் தீவுகள் 2002-ல் தங்கும் வரி போட்டன; ஆட்சி மாறியதும் 2003-ல் எடுத்துவிட்டார்கள். 2016-ல் திரும்பக் கொண்டுவந்தபோது, பணம் எந்தெந்த வேலைகளுக்குப் போகலாம் என்பதைச் சட்டத்திலேயே எழுதி, தண்ணீர், இயற்கைப் பாதுகாப்பு, பழைய கட்டடங்கள் என்று திட்டம் திட்டமாக வெளியிட்டார்கள். இரண்டாம் முறை வரி நிலைத்துவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போதுதான் ஒரு கருவி தந்திருக்கிறது. நாள் வாடகை வீடுகளைப் பட்டியலிடும் இணையத் தளங்கள், எந்த வீடு எத்தனை இரவு, எத்தனை பேருக்குப் போனது என்ற விவரத்தை அரசு அமைப்புகளுக்குத் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும் என்று 2024-ல் விதி போட்டு, அமலாக்கத்துக்கு 2026 மே 20 என்று தேதியும் குறித்தார்கள். பதிவு எண் கட்டாயமுள்ள ஊர்களில், எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் இரவு வாடகைக்கு ஓடுகின்றன என்பதை நகராட்சிகள் இனி கம்பெனிகளிடம் கெஞ்சாமலேயே தெரிந்துகொள்ள முடியும்.